லிஃப்ட் ஓடாத ஏழாவது மாடியும் என் சுகர் அறிவுரையும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சர்க்கரை நோய் பற்றிக் கேட்ட ஒரு வாசகருக்கு, "காலையில் 45 நிமிடம் நடங்கள், சாதத்தைப் பாதியாக்கிக் காய்கறியை இரண்டு மடங்காக்குங்கள், ராத்திரி ஏழு மணி நேரம் தூங்குங்கள்" என்று எழுதியிருந்தேன். டாக்டராக முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பதில். அதற்கு வந்த கடிதங்களில் பாதி திட்டு. திட்டியவர்கள் பெரும்பாலும் சென்னையின் ஏழைப் பகுதிகளான பெரும்பாக்கம், கண்ணகி நகர், வியாசர்பாடி, புளியந்தோப்புக்காரர்கள். இந்த இதழ் முழுக்க அவர்களுக்குத்தான். நடுவில் அண்ணா நகர்க்காரர் ஒருவரும் வருகிறார், அவரையும் கவனித்துக்கொள்வோம்.

நான் பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டில் ஏழாவது மாடியில் இருக்கிறேன். மயிலாப்பூர் பக்கம் மூன்று வீட்டில் வேலை. நாலு மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால்தான் ஏழு மணிக்கு முதல் வீட்டில் நிற்க முடியும். திரும்பி வர மாலை நாலரை ஆகும். லிஃப்ட் பாதி நாள் ஓடாது, குடத்தோடு படியேறுகிறேன். சுகர் 280. நான் எப்போது சார் வாக்கிங் போவது?
– வீட்டு வேலை செய்யும் வாசகி, பெரும்பாக்கம்

போக வேண்டாம் அம்மா. ஏழு மாடி ஏறி, மூன்று வீட்டுத் தரையைத் துடைத்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வரும் உங்களிடம் "உடம்பை அசையுங்கள்" என்று சொன்னது என் தப்பு.

சர்க்கரை பணக்கார வியாதி என்று ஒரு காலத்தில் நாங்களே வகுப்பில் படித்தோம். அது பழைய கதை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து நாடு முழுக்க வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. 2017இல் 15 மாநிலக் கணக்கு வெளிவந்தபோது அதில் ஒரு விஷயம் தெரிந்தது: தமிழ்நாடு மாதிரி கொஞ்சம் வசதியான மாநிலங்களின் நகரங்களில் வசதியுள்ளவர்களைவிட வசதியில்லாதவர்களிடம்தான் சர்க்கரை அதிகம். 2023இல் வந்த முழுக் கணக்கில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை, நாட்டின் சராசரி 11.4.

ஏன் இப்படி என்று உங்கள் கடிதத்தை வைத்தே சொல்லலாம். ரேஷனில் அரிசி இலவசம், 2011 ஜூனில் இருந்து. அதைக் குறை சொல்பவன் நான் இல்லை, அந்த அரிசி இல்லாவிட்டால் எத்தனை வீட்டில் உலை வைத்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அரிசி இலவசம், பீன்ஸ் விலைக்கு என்றால் தட்டில் எது குவியும்? அப்புறம் தூக்கம். பத்தரைக்குப் படுத்து நாலு மணிக்கு எழும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதற்கு மேல் கவலை வேறு. தண்ணீர் வருமா, பஸ் வருமா, முதலாளியம்மா முகம் எப்படி இருக்கும் என்று நாள் முழுக்க உடம்பு பதறிக்கொண்டே இருந்தால் அதற்கென்று சுரக்கிற ஹார்மோன்கள் சர்க்கரையை ஏற்றித்தான் வைக்கும். மாத்திரை ஒரு பக்கம் இறக்க, வாழ்க்கை மறுபக்கம் ஏற்ற.

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்? 280 என்பது தள்ளிப்போடும் அளவு இல்லை, மருந்தின் அளவைக் கூட்டவோ மாற்றவோ வேண்டியிருக்கும். டாக்டரிடம் போகும்போது உங்கள் சாப்பாட்டு நேரத்தை மறக்காமல் சொல்லுங்கள். காலை ஐந்துக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பத்து மணிக்கு வேலை வீட்டில் டிபன் என்றால் சில மாத்திரைகள் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும், பஸ்ஸிலேயே மயங்கி விழுவீர்கள். அந்த நேரக் கணக்கு தெரியாமல் எழுதும் சீட்டு பாதிச் சீட்டுதான். காய்கறி கட்டுப்படியாகாவிட்டால் ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பு, கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு முட்டை, கீரைக்கட்டு, இவற்றில் எது கிடைக்கிறதோ அதைக் கூட்டிச் சாதத்தில் ஒரு கரண்டியைக் குறையுங்கள். இருப்பு இருந்தால் அரிசிக்குப் பதில் கொஞ்சம் கோதுமையும் வாங்கலாம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021 ஆகஸ்டில் தொடங்கியது) பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நல்ல திட்டம், நானே முதலில் சந்தேகப்பட்டுப் பிறகு மனம் மாறினேன். ஆனால் அந்தத் தன்னார்வலர் வரும் நேரத்தில் நீங்கள் மயிலாப்பூரில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். அவருடைய நம்பரை வாங்கி, மாத்திரையைப் பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பேசி வையுங்கள். பல பெண்கள் "மருந்து சரியாகச் சாப்பிடாதவர்" பட்டியலில் ஏறுவது இந்த ஒரு காரணத்தால்தான்.

லிஃப்ட் விஷயம் தனி. உங்கள் பிளாக்கில் சுகர், மூட்டுவலி, இதய நோய், கர்ப்பிணி என்று எத்தனை பேர் மேல் மாடிகளில் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு (பழைய குடிசை மாற்று வாரியம்) ஒரு மனு, சுகாதார நிலைய டாக்டருக்கு ஒரு நகல். பராமரிப்புப் புகாராகப் போனால் அது வரிசையில் நிற்கும். மருத்துவக் காரணத்தோடு, டாக்டரின் ஒரு வரிக் குறிப்போடு போனால் கொஞ்சம் முன்னே நகரும். கொஞ்சம்தான், பொய் சொல்ல விரும்பவில்லை.

குடிக்கிறார்கள், புகைக்கிறார்கள், சுத்தம் கிடையாது, கிடைத்ததைத் தின்கிறார்கள். வியாதி வந்தால் அரசாங்கத்தைக் குறை சொல்கிறார்கள். பழக்கத்தை மாற்றாமல் என்ன செய்து என்ன பயன்?
– ஓய்வு பெற்ற அதிகாரி, அண்ணா நகர்

சார், நீங்கள் அதிகாரியாக இருந்தவர், ஆகவே அதிகாரிகளைப் பற்றிய ஓர் ஆய்வையே சொல்கிறேன். லண்டனில் அரசு அலுவலகங்கள் இருக்கும் தெரு வைட்ஹால். அங்கே வேலை பார்த்த சுமார் 18,000 ஆண்களை 1967இல் தொடங்கிப் பல வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை, சம்பளம், குழாயில் நல்ல தண்ணீர், இலவச மருத்துவம். குடிசைவாசி ஒருவர்கூடக் கிடையாது. ஆனாலும் மேலதிகாரிகளைவிடக் கடைநிலையில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. உச்சிக்கும் அடிக்கும் மட்டும் வித்தியாசம் என்றால்கூடப் புரிந்துகொள்ளலாம், படிக்குப் படி வித்தியாசம். கீழே இருந்தவர்கள் அதிகம் புகைத்தார்கள் என்பது உண்மைதான். அந்தப் புகையையும் ரத்தக்கொதிப்பையும் கொழுப்பையும் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள், அப்போதும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது.

அந்த ஆய்வோடு பெயர் சேர்ந்த மைக்கேல் மார்மட் தலைமையில் உலக சுகாதார நிறுவனம் ஒரு குழு போட்டது. 2008இல் அது தந்த அறிக்கையில் ஒரு கணக்கை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் கால்டன் என்ற ஏழைப் பகுதியில் பிறக்கும் ஆண் குழந்தையின் எதிர்பார்ப்பு ஆயுள் 54. அங்கிருந்து சில மைல் தள்ளி, லென்சி என்ற வசதியான இடத்தில் 82. பணக்கார நாடு, பைசா வாங்காத மருத்துவமனை, இருந்தும் 28 வருட இடைவெளி. பழக்கம் தனி மனிதனுடையது என்றால் அது எப்படி பின்கோடு பார்த்துப் போய் ஒட்டிக்கொள்கிறது?

சுத்தம் பற்றி: ஒரு நாளைக்கு ஆறு குடம் தண்ணீரில், நீங்கள் உங்கள் காரைக் கழுவச் செலவழிப்பதைவிடக் குறைவாக இருக்கலாம், ஐந்து பேர் குளித்து, சமைத்து, துவைத்து, கக்கூஸும் போய் ஒரு வாரம் இருந்து பாருங்கள். பிறகு கடிதம் எழுதுங்கள், முதல் பக்கத்திலேயே போடச் சொல்கிறேன்.

'ஆரோக்கியத்தின் சமூகக் காரணிகள்' என்று பாடத்தில் வருகிறது. ஒரே வரியில் சொல்ல முடியுமா?
– சமூகப் பணி மாணவி, தாம்பரம்

டாக்டர் சீட்டில் எழுத முடியாத எல்லாமே: கூலி, கூரை, குழாய், பஸ், பள்ளிக்கூடம், சாதி. கடைசி வார்த்தை உங்கள் பாடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் அண்ணனுக்கு டிபி. லோடு ஏற்றும் வேலை. ஒரே ரூமில் ஆறு பேர் இருக்கிறோம், அதில் இரண்டு சின்னப் பிள்ளைகள். 'ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு, இல்லையென்றால் எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளும்' என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். வீட்டை காலி பண்ணச் சொல்லி ஓனரும் ஜாடையாகப் பேசுகிறார். என்ன செய்வது?
– வாசகர், புளியந்தோப்பு

தம்பி, இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் கிடைத்தது உங்கள் வீட்டில் இருந்து ஒரு நடை தூரத்தில்தான். சேத்துப்பட்டில் டிபி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அங்கே.

அந்தக் காலத்தில் டிபி என்றால் சானடோரியம். ஊருக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் படுக்கை, பால், முட்டை, ஓய்வு. மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முன்னால் வரும் ஸ்டேஷன் பெயரே சானடோரியம், அது இந்தக் கதையின் மிச்சம். 1956இல் சென்னையில் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். நெரிசலான வீடுகளில் இருந்து வந்த நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலேயும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள், ஓய்வும் குறைவு, குடித்தனமோ நெரிசல். 1959இல் முடிவு வந்தது: இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள். அதைவிட முக்கியம், வீட்டில் வைத்துப் பார்த்ததால் கூட இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிப்பதற்கு முன்பே தொற்றி முடிந்திருக்கிறது. இதன் பிறகுதான் உலகம் முழுக்கச் சானடோரியங்களைப் பூட்ட ஆரம்பித்தார்கள்.

ஆகவே அண்ணனை விரட்ட வேண்டாம். சாதாரண டிபி என்றால் ஆறு மாதம் மருந்து, ஒரு நாள் விடாமல். முதல் சில வாரங்கள் வாயை மூடி இருமட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும், முடிந்தால் தனியாகப் படுக்கட்டும். வீட்டில் மற்ற ஐந்து பேரையும் இந்த வாரமே பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். நோய் இல்லாவிட்டாலும் தடுப்பு மருந்து தருவார்கள், முக்கியமாக அந்தப் பிள்ளைகளுக்கு. ஓனரிடம் இந்தப் பத்திரிகையையே காட்டுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பதில்தான் ஆகும். 1959 முடிவைப் பார்த்துவிட்டு நாங்கள் டாக்டர்கள் எல்லாம் ஒரு தப்பான பாடத்தையும் சேர்த்துப் படித்துக்கொண்டோம்: மருந்து போதும், சாப்பாடு அப்படி ஒன்றும் முக்கியமில்லை என்று. அதைத் திருத்த அறுபது வருடம் ஆனது. 2019இல் தொடங்கி ஜார்கண்டில் ஒரு பெரிய சோதனை, அதிலும் இதே சேத்துப்பட்டு நிலையத்துக்குப் பங்கு உண்டு. 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். எல்லா நோயாளிகளுக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பிரிவில் மட்டும் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. அவ்வளவுதான், வேறு புது மருந்தோ ஊசியோ கிடையாது. 2023இல் வெளியான முடிவு: சாப்பாடு கிடைத்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது, சளியில் கிருமி பரப்பும் வகை ஏறக்குறைய பாதியானது. அரிசியும் பருப்பும் தடுப்பூசி மாதிரி வேலை செய்திருக்கிறது.

தமிழ்நாட்டிலும் 2022இல் இருந்து டிபி கண்டுபிடித்ததுமே எடை, மூச்சு, எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமானவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் அண்ணன் எலும்பும் தோலுமாக இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். நோயாளிக்கு மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது (2024 அக்டோபர் வரை 500ஆக இருந்தது), வங்கிக் கணக்கு எண் கொடுத்தாயிற்றா என்று பாருங்கள். லோடு வேலைக்கு முதல் இரண்டு மாதம் போகக் கூடாது. போகாவிட்டால் யார் சோறு போடுவது என்று நீங்கள் கேட்பீர்கள், அந்த 1,000 ரூபாய் அதற்குப் போதாது என்று எனக்கும் தெரியும். முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறுகிறவர்கள் பிழைப்பது அதிகம் என்றும் அந்த ஜார்கண்ட் ஆய்வு சொல்கிறது. அதனால் கடன் வாங்கியாவது இரண்டு மாதம் முட்டையும் கடலையும் உள்ளே போகட்டும்.

ஜன்னல் என்றேன். எந்த ஜன்னல் என்பதும் இருக்கிறது. மும்பை கோவண்டியில் குடிசைகளைக் காலி செய்தவர்களுக்கு என்று கட்டிய மாடிக் குடியிருப்புகளில், பிளாக்குக்கும் பிளாக்குக்கும் நடுவே மூன்று மீட்டர்தான். கீழ்த்தளங்களில் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, அங்கேதான் டிபி கூடுதல் என்று ஆய்ந்து சொன்னார்கள். குடிசையில் இருந்து சிமெண்ட் வீட்டுக்கு வந்தால் ஆரோக்கியம் தானாக வந்துவிடும் என்று வரைபடம் போடுகிறவர்கள் நினைப்பார்கள். சிமெண்டுக்கும் மூச்சு வேண்டும்.

குழாய்த் தண்ணீர் சாக்கடை நாற்றம் அடிக்கிறது. பையனுக்கு மாதம் ஒரு முறை லூஸ் மோஷன். நல்ல மாத்திரை ஒன்று எழுதுங்கள்.
– வாசகி, வியாசர்பாடி

மாத்திரை எழுத மாட்டேன், ஓஆர்எஸ் பொட்டலமும் 14 நாள் துத்தநாகமும் சுகாதார நிலையத்தில் சும்மாவே கிடைக்கும். ஆன்டிபயாடிக் மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள். ரத்தம் கலந்து போனாலோ, பையன் சுருண்டு படுத்தாலோ, தண்ணீர் குடிக்காவிட்டாலோ நேரே ஆஸ்பத்திரி.

நாற்றத்தின் கதை இது. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பழைய தெருக்களில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன, இரண்டும் வயதானவை. இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வந்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிச் சாக்கடையை உள்ளே விடாது. ஒரு மணி நேரம் விட்டு நிறுத்தினால் குழாய் காலியாகி, வெளியில் இருப்பதை உறிஞ்சும். அதற்கு மேல் நாலு வீட்டில் மோட்டாரை நேராக லைனில் மாட்டி இழுத்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் தண்ணீர் விட்டதும் முதல் சில நிமிடம் வருவது கறுப்பாக இருக்கும், அதைப் பிடிக்காமல் விடுங்கள். குடிக்கக் கொதிக்க வையுங்கள் என்று சொல்வது எளிது, சிலிண்டர் விலையில் எல்லாத் தண்ணீரையும் கொதிக்க வைக்க முடியாது. பிள்ளைக்குக் குடிப்பதை மட்டுமாவது.

ஒரே தெருவில் ஒரே வாரத்தில் நாலு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தேதி, வீட்டு எண்ணோடு எழுதி வார்டு அலுவலகத்திலும் சுகாதார ஆய்வாளரிடமும் சேர்ந்தே போய்க் கொடுங்கள், குளோரின் அளவைக் குழாயடியிலேயே பார்க்கச் சொல்லுங்கள். தனியாகப் போனால் உங்களுக்கு ஓஆர்எஸ்ஸும் அறிவுரையும் கிடைக்கும், கூட்டமாகப் போனால் பள்ளம் தோண்டுவார்கள். அகமதாபாத்தில் குடிசைப் பகுதிப் பெண்கள் சேவா என்ற சுயதொழில் பெண்கள் சங்கத்தோடு சேர்ந்து, வீட்டுக்கு ஒரு தொகை தாங்களும் போட்டு, மாநகராட்சியிடம் வீட்டுக்கு வீடு குழாய், கக்கூஸ், சாக்கடை, தெருவிளக்கு வாங்கினார்கள். மருத்துவக் காப்பீட்டில் பணம் கேட்டவர்களில் தண்ணீரால் வரும் நோய்களுக்காகக் கேட்டவர்களின் பங்கு பிறகு பாதிக்கும் கீழே இறங்கியது. ஆஸ்பத்திரி எதுவும் புதிதாகக் கட்டவில்லை.

எங்கள் குடியிருப்போர் சங்கம் சார்பில் பக்கத்துக் குடிசைப் பகுதியில் இலவச மருத்துவ முகாம் நடத்த விரும்புகிறோம். தலைமை தாங்க வர முடியுமா?
– சங்கச் செயலாளர், அடையாறு

வர முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்படிப்பட்ட முகாம்களில் நான் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். பேனர், பொன்னாடை, நாலு மணி நேரத்தில் இருநூறு பேருக்கு பிரஷர், ஐந்து நாள் மாத்திரை. ஆறாவது நாள் என்ன என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அதைவிடப் பெரிய மருத்துவ வேலை ஒன்று உங்கள் சங்கத்தின் கையிலேயே இருக்கிறது. உங்கள் அடுக்ககத்தில் வேலைக்கு வரும் பெண்கள் எத்தனை பேர் எந்த டாய்லெட்டுக்குப் போகிறார்கள் என்று விசாரியுங்கள். காலை ஏழு முதல் பகல் மூன்று வரை அடக்கிக்கொண்டு, அடக்க வேண்டுமே என்று தண்ணீரும் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்போடும் காய்ச்சலோடும் என்னிடம் வந்த பெண்களை எண்ணி முடியாது. அவர்கள் தேய்த்துக் கழுவுகிற கக்கூஸை அவர்களே உபயோகிக்கக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்? கீழே ஒரு சுத்தமான கழிப்பறை, வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு, உடம்பு சரியில்லாத நாளுக்குப் பிடித்தம் இல்லை. இந்த மூன்றையும் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகப் போடுங்கள், அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், ஆட்டோ பிடித்து வருகிறேன்.

ஷீட் வீடு. ஏப்ரல், மே மாதத்தில் என் மாமியார் ராத்திரியெல்லாம் தூங்காமல் முனகுகிறார். ஃபேன் சுடுகாற்றைத்தான் வீசுகிறது.
– வாசகி, கொடுங்கையூர்

சென்னை வெயிலைவிடச் சென்னை ராத்திரிதான் வயதானவர்களை வாட்டும். பகலில் சூடேறிய ஷீட் ராத்திரி அந்தச் சூட்டை உள்ளேதான் இறக்கும், கடல் ஈரத்தில் வேர்வையும் காயாது. ஷீட் மேல் இரண்டு கை வெள்ளைச் சுண்ணாம்போ வெள்ளைக் கூரைப் பெயிண்டோ அடியுங்கள், உள்ளே சில டிகிரியாவது குறையும். மாலையில் அவரை வாசல் பக்கம் படுக்க வையுங்கள், ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு ஃபேன் போடுங்கள். பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் கோடைக்கு முன்பே டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்து மயங்கினாலோ 108. வெப்ப அலையை 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மாநிலப் பேரிடராகவே அறிவித்திருக்கிறது, உயிர் போனால் நிவாரணமும் உண்டு. செத்த பிறகு கொடுப்பதில் ஒரு பங்கைக் கூரைக்கு முன்கூட்டியே கொடுத்தால் என்ன என்று எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அதை யார் பத்திரிகைக்கு அனுப்புவது என்று தெரியவில்லை.

வீட்டுக்காரர் குடியை நிறுத்த வேண்டும். சாப்பாட்டில் கலந்து கொடுக்க மருந்து இருக்கிறதாமே?
– வாசகி, காசிமேடு

கலந்து கொடுக்காதீர்கள் அம்மா. அந்த மருந்து உள்ளே இருக்கும்போது அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து. தினமும் நிறையக் குடிப்பவர் தடாலென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம், அதனால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சேர்த்து நிறுத்துவதுதான் சரி.

கடையை மூடினால் தீருமா என்றும் கடிதத்தின் பின்பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். 2003இல் இருந்து சில்லறை விற்பனை முழுக்க அரசு கையில், 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள். பள்ளிக்கூடப் பக்கத்திலும் பஸ் நிறுத்தத்திலும் கடை இருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மீன்பிடித் துறைமுகத்தில் நாள் முழுக்க ஐஸ் பெட்டி தூக்கியவனுக்கு முதுகு வலிக்கு ஒரு கட்டிங்தான் மருந்து, தூங்க இன்னொரு கட்டிங். அவரிடம் "ஏன் குடிக்கிறாய்" என்று எல்லோரும் கேட்டிருப்பார்கள், "முதுகு எங்கே வலிக்கிறது" என்று கேட்டு யாராவது பார்த்தார்களா? சேர்க்கும்போது முதுகையும் காட்டுங்கள்.

கூவம் கரையில் நாற்பது வருடமாக இருக்கிறோம். ஊருக்கு வெளியே வீடு கொடுத்திருப்பதாகச் சொல்லிக் காலி பண்ணச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், பையன் பத்தாவது. போகலாமா, வேண்டாமா?
– வாசகர், சென்னை

போ, போகாதே என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை. உங்களையும் அந்த இடத்தில் வைக்க மாட்டார்கள் என்பதுதான் நிஜம். குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டுவதுதான் பெரும்பாலும் நடந்தது. பிள்ளைகள் அதே பள்ளிக்கூடம், ஆட்கள் அதே வேலை. 2000இல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே தள்ளித் தள்ளிப் போனார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கரையோரத்தில் இருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். வெள்ளத்தில் மூழ்கும் கரை ஆரோக்கியமான இடம் என்று நான் சொல்லவில்லை, கொசுவும் எலியும் நாற்றமும் எனக்கும் தெரியும். ஆனால் வேலையையும் ஆஸ்பத்திரியையும் இங்கே விட்டுவிட்டு மனிதர்களை மட்டும் அங்கே இறக்கினால், பழைய வியாதி போய்ப் புது வியாதி வரும். பெண்கள் பலருக்கு வேலை போனது அப்படித்தான். 2021இல் இருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, காசு மிச்சம், பஸ்ஸில் கழியும் நேரம் மிச்சமில்லை.

உங்கள் மனுவில் வேண்டாம் என்று மட்டும் எழுதாதீர்கள், கேட்க வேண்டியதையும் எழுதுங்கள். பொதுத்தேர்வு முடியும்வரை பையன் பெயரைச் சொல்லி அவகாசம் கேளுங்கள், படிப்பின் நடுவில் இடம் மாறிப் பள்ளியை விட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவின் டயாலிசிஸ் அட்டை நகலை இணைத்து, புது இடத்துக்குப் பக்கத்தில் எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமையில் அவருக்கு இடம் என்று எழுத்தில் கேளுங்கள், வாய் வார்த்தை வேண்டாம். கீழ்த்தள வீடு கேளுங்கள், டயாலிசிஸ் முடிந்து வருபவர் படியேற முடியாது. ரேஷன் கார்டு மாறும்வரை பழைய கடையிலேயே வாங்க அனுமதி, டிபி, சுகர் மருந்து வாங்குபவர்களின் பட்டியலைப் புது சுகாதார நிலையத்துக்கு முன்கூட்டியே அனுப்புவது, இவையும். உங்கள் தெருவில் இப்படி எத்தனை வீடு என்று சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. உங்கள் டாக்டர் கையெழுத்துப் போடத் தயங்கினால் அம்மாவின் காகிதங்களோடு பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், அவரோடு நான் பேசிப் பார்க்கிறேன்.

இவ்வளவு அறிவுரை சொல்கிறீர்களே, உங்களுக்கு சுகர் இருக்கிறதா?
– வாசகி, கண்ணகி நகர்

இருக்கிறது, பதினொரு வருடமாக. மூன்று மாதச் சராசரி (ஹெச்பிஏ1சி) 6.8, கட்டுப்பாட்டில்தான். எதிரிலேயே பூங்கா, காய்கறிக்காரர் வாசலுக்கே வருகிறார். இரண்டாவது மாடிதான், அதற்கும் லிஃப்ட் ஓடுகிறது.